ஊசி போடும் முன் ஒத்திகை: செவிலியர் பயிற்சியில் வி.ஆர்., நம் வகுப்பறையில் செய்முறை

(திருக்கனூரில் ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்வியில் புதிய தொழில்நுட்பம்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். கடல் போன்ற தலைப்பு. அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்கிறேன். மெய்நிகர் உண்மை என்று பாடநூல்களும், வி.ஆர். என்று நாமும் சொல்கிற கருவி, செவிலியர் கல்லூரிகளில் எதற்குப் பயன்படுகிறது? அதிலிருந்து பள்ளி ஆசிரியர்களாகிய நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? இந்த இரண்டு கேள்விகள்தான் இன்றைய பேச்சு.

செவிலியர் கல்லூரிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மண்ணாடிப்பட்டு கொம்யூனில் பிளஸ் டூ முடிக்கும் மாணவிகளிடம் "அடுத்து என்னம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "நர்சிங் சார்", "நர்சிங் டீச்சர்" என்ற பதில் அடிக்கடி வரும். இன்று நம் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் சில ஆண்டுகளில் ஊசி இருக்கும். அந்த ஊசிக்கு முன்னால் கையை நீட்டுபவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். மண்ணாடிப்பட்டு சமுதாய நலவழி மையத்துக்குக் காய்ச்சலோடு போகும் பாட்டியாக இருக்கலாம், ஜிப்மரில் பிரசவத்துக்குச் சேர்ந்த நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். ஆகவே இது நம் பொருள்தான்.

பொம்மையில் தொடங்கிய கதை

மனிதர் மேல் கை வைப்பதற்கு முன் வேறொன்றின் மேல் பழக வேண்டும் என்ற எண்ணம் கணினியோடு வந்ததில்லை. பிரான்சில் ஆஞ்செலிக் டு கூத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். துணி, தோல், பஞ்சு இவற்றைக் கொண்டு ஒரு தாயின் இடுப்புப் பகுதியையும் குழந்தையையும் உருவமாகச் செய்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் அனுமதியுடன் ஊர் ஊராகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கும் அந்தப் பொம்மையை வைத்துப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். குழந்தை எப்படித் திரும்பியிருந்தால் கையை எப்படி வைக்க வேண்டும் என்று தொட்டுப் பார்த்தே கற்றார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்கு, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணி ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். மாணவிகள் அதற்கு "மிசஸ் சேஸ்" என்று பெயர் வைத்தார்கள். நோயாளியைப் புரட்டுவது, துணி மாற்றுவது, படுக்கையிலிருந்து தூக்குவது எல்லாம் முதலில் மிசஸ் சேஸிடம்தான். 1960-இல் நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் ஓஸ்முண்டு லார்டால், நின்றுபோன இதயத்தை மீண்டும் இயக்கும் முதலுதவியைப் பழகுவதற்காக "ரெசஸி ஆன்" என்ற உருவத்தைக் கொண்டுவந்தார். இன்றும் முதலுதவி வகுப்புகளில் நெஞ்சை அழுத்திப் பழகக் கிடத்தி வைக்கும் உருவங்கள் அதன் வழிவந்தவையே.

விமானிகளின் கதையும் இதுதான். 1929-இல் எட்வின் லிங்க் என்பவர், தன் தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டு தரையிலேயே ஆடி அசையும் பயிற்சி விமானத்தைச் செய்தார். அப்போது வேடிக்கையாகப் பார்த்தவர்கள் உண்டு. 1934-இல் தபால் எடுத்துச் சென்ற ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அமெரிக்க ராணுவம் அந்தக் கருவியை வாங்கியது.

துணிப் பொம்மை, ரப்பர் உருவம், ஆடும் விமானம் என்ற இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பதுதான் வி.ஆர். கண்ணாடி. கருவி மாறியிருக்கிறது. "முதல் தவறு மனிதர் உடம்பில் நடக்கக் கூடாது" என்ற நோக்கம் மாறவில்லை.

கண்ணாடியை மாட்டினால் என்ன நடக்கிறது?

மாணவி கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். இரண்டு கைகளிலும் பிடிப்பான்கள். கண்முன் ஒரு வார்டு, கட்டிலில் ஒரு நோயாளி. தலையைத் திருப்பினால் மருந்து மேசையும் கை கழுவும் தொட்டியும் தெரிகின்றன. தோளில் தசை ஊசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கை கழுவ வேண்டும். நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி பார்க்க வேண்டும். இடத்தைத் தேர்ந்து, துடைத்து, 90 பாகைக் கோணத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். கை கழுவாமல் போனாலோ, கோணம் சாய்ந்தாலோ, ஊசியை அதற்கான பெட்டியில் போடாமல் விட்டாலோ கருவி குறித்துக்கொள்கிறது. முடிவில் எந்தப் படி விடுபட்டது என்று பட்டியல் வருகிறது. மறுபடி செய்யலாம். பத்து முறை செய்தாலும் யாருக்கும் வலிக்காது, மருந்தும் வீணாகாது. சென்னையின் மெடிசிம் விஆர் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பயிற்சிகளை நம் நாட்டிலேயே உருவாக்குகின்றன.

இதன் அருமை எங்கே இருக்கிறது? வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவிகள் நிற்பார்கள். ஒருத்தி செய்வாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் இரத்தப்போக்கு, மருந்து ஒவ்வாமையால் திடீரென மூச்சுத் திணறுவது போன்ற நெருக்கடிகள், ஒரு மாணவி பணியில் இருக்கும் நாளில் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் மாணவியை ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஓர் உயிர் இருக்கிறது. வி.ஆரில் அந்த நெருக்கடியை வேண்டியபோது வரவழைக்கலாம், ஒவ்வொருவரும் முன்னால் நின்று முடிவெடுக்கலாம்.

பயன் இருக்கிறது என்பதற்குச் சான்றும் உண்டு. 2002-இல் வெளியான அமெரிக்க யேல் பல்கலைக்கழக ஆய்வில், பயிற்சி நிலை அறுவை மருத்துவர்கள் 16 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வி.ஆரில் பழகியது, மற்றொன்று வழக்கமான முறையில் பழகியது. பிறகு உண்மையான பித்தப்பை அறுவையில் வி.ஆர். குழு 29 விழுக்காடு வேகமாக வேலை செய்தது. பழகாத குழுவினர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

செவிலியருக்கென்றே நடந்த பெரிய ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பத்துக் கல்லூரிகளில் 2011 முதல் நடத்தி, 2014-இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை எடுத்து, அதற்குப் பதிலாகப் பொம்மைகளையும் நடிப்பு நோயாளிகளையும் கொண்டு போலிச் சூழலில் பயிற்சி கொடுத்தார்கள். இறுதித் தேர்விலும் வேலைத் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தார், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் உட்கார்ந்து பேசினார்கள்.

அந்த நிபந்தனையைத்தான் உங்கள் மனத்தில் பதிய வைக்க விரும்புகிறேன். கருவியைக் கழற்றி வைத்த பிறகுதான் கற்றல் கெட்டிப்படுகிறது.

கண்ணாடியால் முடியாதவை

வி.ஆரில் நரம்பு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. நீர் வற்றிய முதியவரின் கையில் நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல் நுணுக்கம், சாதாரணப் பிடிப்பானின் அதிர்வில் வராது. அதற்கு ரப்பர்க் கையும், பிறகு அனுபவமுள்ள செவிலியரின் மேற்பார்வையில் உண்மையான கையும் வேண்டும். சிலருக்குக் கண்ணாடி மாட்டியதும் தலைசுற்றலும் குமட்டலும் வரும்.

பேச்சும் அப்படித்தான். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும் பாட்டி, கையைத் தளர விடுங்க" என்று சொல்லும் குரல், அந்தக் குரலைக் கேட்டுப் பாட்டியின் முகம் இளகுவது, இவை எந்தக் கண்ணாடிக்குள்ளும் முழுமையாக இல்லை. பள்ளியில் வாய் திறந்து பேசப் பழகாத பிள்ளை நோயாளியிடமும் தயங்கித்தான் நிற்பாள். தமிழாசிரியர் நடத்தும் உரையாடல் பயிற்சிக்கும் மருத்துவமனைக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்கிறது.

இன்னொன்று, அறிவியல். கோணம் சாய்ந்துவிட்டது என்று கருவி சொல்லும். தசைக்கு ஏன் 90, தோலடிக் கொழுப்புக்கு ஏன் 45, பி.சி.ஜி. போலத் தோலுக்குள்ளேயே போடும் ஊசிக்கு ஏன் 10 முதல் 15 பாகை என்ற கேள்விக்கு, தோலின் அடுக்குகளைப் படித்திருந்தால்தான் விடை புரியும். அந்த அடிப்படையைப் போடுகிற இடம் நம் பள்ளிதான்.

நம் பாடங்களில் ஒளிந்திருக்கும் மருத்துவமனை

ஏழாம் வகுப்புக் கணக்காசிரியர் தசமப் புள்ளி நடத்துகிறார். மருத்துவமனையில் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 என்று படித்துவிடலாம், மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால்தான் 0.5 என்று முன்னால் பூச்சியம் போட வேண்டும், 5 என்பதை 5.0 என்று எழுதக் கூடாது என்று பாதுகாப்பு விதியே இருக்கிறது. "பூச்சியம் எங்கே?" என்று நாம் நோட்டில் வட்டமிடும்போது, ஏன் வட்டமிடுகிறோம் என்பதை இந்த ஒரு வரியோடு சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வீத சமம் நடத்துகிறோம். 500 மி.லி. குளுக்கோஸ் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் 20 துளி சேர்ந்தால் 1 மி.லி. நிமிடத்துக்கு எத்தனை துளி? மொத்தம் 10,000 துளி, 240 நிமிடம். வகுத்தால் சுமார் 42. நர்சிங் மாணவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துளி எண்ணுவது இந்தக் கணக்கைத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளையால் போடக்கூடிய கணக்கு இது.

பாட்டிலை ஏன் உயரத்தில் மாட்டுகிறார்கள்? திரவ அழுத்தம். ஊசி முனை ஏன் கூர்மை? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. நரம்பில் வெறும் தண்ணீரை ஏற்றாமல் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலை ஏன் ஏற்றுகிறார்கள்? சவ்வூடு பரவல். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் வைத்து நாம் காட்டும் அதே சோதனை. வெறும் நீரில் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். இப்படி இணைத்துச் சொன்னால், வேறு வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் பாடம் நிற்கும்.

நாளையே தொடங்கக் கூடியவை

நல்ல வி.ஆர். பயிற்சி மாணவிக்குக் கொடுப்பது மூன்று: தவறு செய்ய இடம், திரும்பச் செய்ய வாய்ப்பு, செய்து முடித்ததும் பேச நேரம். இந்த மூன்றையும் கண்ணாடி இல்லாமலே நாம் கொடுக்க முடியும்.

முதலாவது, மதிப்பெண் இல்லாத முதல் சுற்று. செய்முறை வகுப்பில் முதல் முறை செய்யும்போதே மதிப்பெண் போட்டால், பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும். "இது ஒத்திகை, இதற்கு மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அளவுகோப்பையில் நீரின் வளைந்த மட்டத்தை எங்கே கண் வைத்துப் படிப்பது என்று வாய்விட்டுக் கேட்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடுவதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, படிப்பட்டியல். ஒருவர் செய்ய, அடுத்தவர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்கட்டும். கருவி செய்யும் கண்காணிப்பைத் தோழன் செய்கிறான். பட்டியல் பிடித்தவனும் கற்றுக்கொள்கிறான்.

மூன்றாவது, முடிந்ததும் ஐந்து நிமிடப் பேச்சு. மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? ஏன் அப்படி நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவாய்? "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று குரலை உயர்த்தினால் பேச்சு அதோடு நின்றுவிடும். செவிலியர் பயிற்சியிலும் இந்தப் பின்பேச்சுக்குத்தான் மிகுந்த மதிப்பு.

தொடக்கப் பள்ளிக்கு ஏற்ற ஒரு செயல்பாடு சொல்கிறேன். மாணவர்களுக்கு மெல்லிய கையுறை மாட்டி, உள்ளங்கையில் கொஞ்சம் போஸ்டர் கலர் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சோப்புப் போடுவது போலக் கையைத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்தால் பெருவிரல், விரல் நுனி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் நிறம் படாமல் இருப்பது தெரியும். சோப்புப் போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஏன் என்று அப்போதுதான் புரியும். மறுபடி செய்யச் சொல்லுங்கள், இடைவெளி குறைந்துவிடும். தவறு, திருத்தம், பேச்சு மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன.

உயர் வகுப்புக்கு இன்னொன்று. 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதய உயிர்ப்பு முதலுதவி கற்றுத் தரலாம் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. குறையாமலும் 6 செ.மீ. தாண்டாமலும் நடு நெஞ்சை அழுத்த வேண்டும். வேகத்தையும் கை வைக்கும் முறையையும் கெட்டியான தலையணையில் பழகலாம். ஆனால் கற்றுக் கொடுப்பவர் முறையாகப் பயின்றவராக இருக்க வேண்டும். நலவழித்துறைச் செவிலியரைப் பள்ளிக்கு அழையுங்கள். நம் பழைய மாணவி ஒருத்தி அந்தச் சீருடையில் வந்து நின்றால், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் வேண்டுமா?

செய்முறைக்குப் போதிய கருவி இல்லாத பாடங்களுக்கு, அம்ரிதா பல்கலைக்கழகமும் சிடாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய "ஓலேப்ஸ்" இணைய ஆய்வகம் இருக்கிறது. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரியது. கண்ணாடி வேண்டாம், கணினி அறை போதும். ஆய்வகத்துக்குள் போகும் முன் ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம். உண்மையான அமிலக் குப்பியைக் கையில் எடுப்பதற்கு அது மாற்றாகாது.

கண்ணாடி பள்ளிக்கே வந்துவிட்டால்

நன்கொடையாகவோ திட்டத்தின் வழியாகவோ நம் பள்ளிக்கும் வி.ஆர். கண்ணாடி வரலாம். வந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பில் 40 பேர், கண்ணாடி இரண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம். 200 நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. அந்த நேரத்தில் மற்ற 38 பேர் என்ன செய்வார்கள் என்று திட்டமிடாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். மாணவரை உட்கார வைத்தே மாட்டுங்கள். ஒவ்வொருவர் முகத்திலிருந்து எடுத்ததும் துடையுங்கள். தலைசுற்றல் என்றால் உடனே கழற்றுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் வயது வரம்பைப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலான கண்ணாடிகள் ஏற்றவை அல்ல.

விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் பாடத்தின் எந்த அலகுக்கு இது? பிள்ளைகள் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள முடியுமா? செயலியை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது கேள்வி வீண் பயமில்லை. பள்ளிகளுக்காக கூகுள் நிறுவனம் கொண்டுவந்த "எக்ஸ்பெடிஷன்ஸ்" என்ற வி.ஆர். செயலி 2021-இல் நிறுத்தப்பட்டது. அட்டையில் செய்த கண்ணாடிகளை விற்பதையும் அதே ஆண்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

நண்பர்களே, புதுச்சேரி மண்ணில் மருத்துவக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜிப்மரின் வேர், 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிக்குப் போகிறது. இருநூறு ஆண்டுகள் கடந்த அந்த மரபின் அடுத்த கட்டமாக, நம் கிராமத்துப் பிள்ளைகள் கல்லூரியின் வி.ஆர். கூடத்துக்குள் நுழைவார்கள். அங்கே கருவி "தவறு, மறுபடி செய்" என்று சொல்லும்போது, தவறு செய்தால் அடி விழும் என்று பழகிய பிள்ளை வெளிறிப்போகும். தவறிலிருந்து படிக்கலாம் என்று பள்ளியிலேயே பழகிய பிள்ளை நிமிர்ந்து மறுபடி தொடங்கும். இந்த இரண்டில் எந்தப் பிள்ளையை அனுப்பப் போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த செய்முறை வகுப்பை மதிப்பெண் இல்லாத ஒத்திகையோடு தொடங்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்தைப் பேச்சுக்கு விடுங்கள். என்ன நடந்தது என்பதை அடுத்த கூட்டத்தில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.